பெயர் பிறகு, முறை முதலில்: எந்தக் கட்டத்திலும் அடங்காதவர்கள் மதுரையில் உறவு கட்டிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் பாதித் தொழில். பாலினம் என்ற இடத்தில் ஆண், பெண், மற்றவை என்று மூன்று கட்டம் இருக்கும். முதல் இரண்டிலும் நான் நிற்பதில்லை. மூன்றாவதைப் பார்க்கும்போதெல்லாம் கணக்கு நோட்டில் 'இதர செலவு' என்று எழுதினது மாதிரி இருக்கும்.

கடை அடைக்கிற நேரத்தில் என்னைத் தேடிச் சிலர் வருவார்கள். ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லாதவர்கள். யாரைப் பிடிக்கும் என்பதற்கு ஊர் எதிர்பார்க்கிற பதில் இல்லாதவர்கள். காதல் வரும், உடல் ஆசை வராது என்கிறவர்கள். திருநங்கை, திருநம்பி என்ற சொற்களைப் போட்டுப் பார்த்தும் தைத்த சட்டை மாதிரி உட்காரவில்லை என்கிறவர்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்தது, இவர்கள் விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரிசை மாறிவிடுகிறது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

18 வயது முடியாதவர்கள் முதல் ஐந்து படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வெளியேறுவது பற்றிய பேச்சு உங்களுக்கு இப்போது வேண்டாம். சட்டம் உங்களைப் பார்க்கிற விதமே வேறு. வீட்டில் அடி, பூட்டு என்று போனால் 1098 குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

1. வாயைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம். அசல் முடிந்தால் உங்கள் கையில், இல்லாவிட்டால் ஒரு பிரதியாவது வீட்டுக்கு வெளியே. கோபம் வந்ததும் பெற்றோர் முதலில் பிடுங்குவது போனை, அடுத்தது சான்றிதழ் பையை. நான் பார்த்த வரையில் இந்த வரிசை மாறியதே இல்லை.

உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு, அதில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம். ஒரு இரவு போய்ப் படுக்க ஒரு வீடு. போனுக்குப் பூட்டு. தம்பி, தங்கை கேம் விளையாட எடுக்கிற போன் என்றால் உங்கள் ரகசியம் ஏற்கெனவே வீட்டின் பொதுச் சொத்து.

இவை ஒன்றுமே தேவைப்படாமல் போகலாம். ஆனால் போக இடம் இருக்கிறது என்று தெரிந்தவர் பேசும்போது குரல் நடுங்காது. நடுங்காத குரலில் சொன்னால் எதிரில் இருப்பவரும் பதறாமல் கேட்பார். அதற்காகத்தான் இதை முதலில் வைத்தேன்.

2. சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டுத் தேவையை எழுதுங்கள்

வருகிறவர்களில் பாதிப்பேர் தங்களுக்குச் சரியான பெயர் கிடைத்த பிறகுதான் அடுத்தவரிடம் பேச முடியும் என்று காத்திருக்கிறார்கள். ஒருவர் இரண்டு வருடம் இணையத்தில் சொல் தேடினார். அந்த இரண்டு வருடமும் அவருக்கு ஒரு நண்பரும் இல்லை.

தமிழில் சொற்கள் இல்லாமல் இல்லை. இந்த மதுரையிலேயே 2012-ல் ஆண், பெண் என்ற இரண்டுக்கும் வெளியே நிற்பவர்கள் பேரணி போனார்கள். பிறப்பில் எழுதிய பாலோடு ஒட்டாதவர்கள் திருநர், உடலமைப்பே ஆண் பெண் என்ற இரண்டில் அடங்காமல் பிறந்தவர்கள் ஊடுபால், பாலிலும் காதலிலும் ஊர் வழக்கத்துக்கு வெளியே நிற்கும் எல்லோரும் பால்புதுமையர் என்று இப்போது பத்திரிகையும் எழுதுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் தமிழக அரசே 2022-ல் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. ஏதாவது ஒன்று பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தவில்லையா, வைத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக ஒரு தாளில் நான்கே வரி எழுதுங்கள். என்னை எப்படிக் கூப்பிட வேண்டும்? எது என்னைக் குத்துகிறது? இந்த ஆளிடம் எனக்கு என்ன வேண்டும்? இந்த ஆளுக்கு நான் என்னவாக இருப்பேன்?

நான்காவது வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். உண்மையில் எதிராளி கேட்க நினைப்பது அதைத்தான். நம்மூரில் புது ஆளைப் பார்த்ததும் "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை, எங்களுக்கு என்ன முறை வேணும்?" என்றுதான் பேச்சு போகும். 'நீ யார்' என்பதைவிட 'நீ எனக்கு யார்' என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. அதற்குப் பதில் வைத்திருந்தால் முதல் கேள்வியின் சூடு தானாகக் குறையும்.

3. கூப்பிடும் முறையை முதலில் சரிசெய்யுங்கள்

இது சின்ன விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள். இந்த ஊரில் உறவு காதில்தான் தொடங்குகிறது. டீக்கடையில் அண்ணே, பஸ்ஸில் அக்கா, ஆட்டோவில் தம்பி; வாய் திறந்த முதல் நொடியிலேயே ஒரு கட்டத்துக்குள் தள்ளிவிடுவார்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை.

தமிழ் இதில் நமக்குப் பாதி வழி விட்டு வைத்திருக்கிறது. நான், நீ, நீங்கள் என்பவற்றில் ஆண் பெண் இல்லை. 'அவர் வந்தார்' என்பதிலும் இல்லை. பேச்சில் 'அவங்க வந்தாங்க'. ஆகவே உங்களைப் பற்றி மூன்றாம் ஆளிடம் பேசும்போது 'அவங்க' போதும் என்று கேளுங்கள். இதற்கு இலக்கணம் மாற வேண்டாம், கொஞ்சம் மரியாதை கூட்டினால் போதும். வயதில் பெரியவர்கள் "உனக்கு என்ன மரியாதை?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சிக்கல் முறைப்பெயரில்தான். அண்ணன், அக்கா, மாமா, அத்தை எல்லாமே பால் சார்ந்தவை. இதற்குச் சட்டம் போட முடியாது, ஆளுக்கு ஆள் பேசித்தான் வழி காண வேண்டும். பெயரோடு 'ங்க' சேர்ப்பது ஒரு வழி. தங்கம், கண்ணு, சாமி என்று பெரியவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்குகிற செல்லச் சொற்கள் இன்னொரு வழி.

என் அப்பத்தா மேலூர்ப் பக்கம். ஒரு மார்கழியில் திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்துக்கொண்டே, "என்னைப் பேரன்னும் சொல்லாத, பேத்தின்னும் சொல்லாத அப்பத்தா, ரெண்டும் மனசுக்கு ஒட்டல" என்றேன். "பெறகு எப்புடிக் கூப்புடுறது?" "தெரியல." நாலு காய் உரிக்கிற நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, சாமின்னு கூப்புட்டுக்கிறேன். சாமி, அந்தச் சொளகை இப்படித் தள்ளு" என்றது. அவ்வளவுதான். சாகிற வரைக்கும் அதற்கு நான் சாமி.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு: முதல் வாரத்திலேயே ஒவ்வொரு சறுக்கலையும் திருத்துவது. முப்பது வருடப் பழக்கம் நாக்கில் இருக்கிறது. வீட்டாரை நாளுக்கு ஒருமுறை, தனியாக இருக்கும்போது திருத்துங்கள். நாலு பேர் முன்னால் திருத்தினால் அவர்களுக்கு அவமானம்தான் நினைவில் நிற்கும், சொல் நிற்காது. வேண்டுமென்றே சொல்கிறவர்களுக்கு, அதிலும் 'அது' 'இது' என்று பேசுகிறவர்களுக்கு, இந்தச் சலுகை கிடையாது. அங்கே உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

4. முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பது

முதல் ஆள் வீட்டு ஆளாக இருக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. முதல் பேச்சு எப்படியும் குழறும். அந்தக் குழறலை அம்மாவின் முன்னால் செய்யாதீர்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? அடுத்தவர் ரகசியத்தை உங்களிடம் சொல்லாதவர் யாரோ அவரைப் பாருங்கள். "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், அவனுக்கு..." என்று தொடங்குகிறவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் வேண்டாம். மதுரை பெரிய கிராமம். சிம்மக்கல்லில் சொன்னது வில்லாபுரம் போய்ச் சேர ஒரு டவுன் பஸ் நேரம் ஆகாது.

சோதிக்கவும் ஒரு வழி உண்டு. செய்தியில் வந்த ஏதாவது ஒரு விஷயத்தைப் பேச்சுவாக்கில் எடுத்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். கேலி செய்தால் அன்றைக்கு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 'பாவம்' என்றால் பரவாயில்லை. 'அதுக்கென்ன' என்றால் அவர்தான் ஆள்.

5. இடம், நேரம், சொல்லும் வார்த்தை

இடம்: சொந்தத் தெரு டீக்கடை கூடாது, மாஸ்டருக்குக் காது நீளம். வீட்டு மாடியும் கூடாது. நான் எல்லோருக்கும் சொல்வது வண்டியூர் தெப்பக்குளம். நான்கு பக்கமும் ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நடந்துகொண்டே பேசினால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கனமான விஷயத்தைச் சொல்வதற்கு அது பெரிய உதவி. தவிர, சுற்று முடிந்தால் பேச்சும் முடிகிறது. உட்கார்ந்து பேசினால் எப்போது எழுந்திருப்பது என்று யாருக்கும் தெரியாமல் இரவு பத்து மணிவரை இழுக்கும். தமுக்கம் பக்கம் காந்தி மியூசிய வளாகமும், நத்தம் சாலைக் கலைஞர் நூலகத்தின் வெளிப்புறமும் பகலில் நல்ல இடங்கள்.

நேரம்: பொங்கல், சித்திரைத் திருவிழா, வீட்டு விசேஷம், யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள், இவை எதுவும் வேண்டாம். நான் செய்த தவறு இதுதான். மாமா மகள் காதணி விழா அன்று, சீர்த்தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மண்டபத்துப் பின்கட்டில் வைத்துச் சொன்னேன். கூட்டத்தில் திட்ட முடியாது என்று கெட்டிக்காரத்தனம் வேறு. அம்மா திட்டவில்லைதான். கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்குப் போய் நின்றது. அந்த ஆல்பத்தில் ஒவ்வொரு படத்திலும் சிரிக்கிறது. பிறகு என்னோடு பேச நாலு மாசம் ஆனது. அழக்கூட இடம் கொடுக்காமல் ஒருவரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வார்த்தை: மூன்று வாக்கியம் போதும். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், பதில் இன்னைக்கே வேண்டாம். எனக்கு ஆம்பளைன்னு சொன்னாலும் பொம்பளைன்னு சொன்னாலும் என்னையச் சொல்ற மாதிரி இல்ல. நான் உனக்கு எப்பவும் போல பிரெண்டுதான், இதை நீ வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்." முதல் வாக்கியம் அவசரத்தைக் குறைக்கிறது. இரண்டாவது விஷயம். மூன்றாவது, அவருக்குள் கிடக்கும் 'இனி நமக்குள் என்ன?' என்ற பயத்துக்குப் பதில். கடைசி வரியை விட்டுவிட்டால், அவர் நல்லெண்ணத்திலேயே உங்கள் அக்காவிடம் சொல்லி வைப்பார்.

ஆங்கிலச் சொற்களை அடுக்கி வகுப்பு எடுக்காதீர்கள். அர்த்தநாரீஸ்வரரையும் அழைத்து வர வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பிள்ளை திருச்செங்கோடு வரை உதாரணம் காட்டி அம்மாவிடம் வாதாடியது. "அது சாமி. நீ இன்னும் டிகிரியே முடிக்கல" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாராம்.

6. உங்களைப் போன்றவர்களைக் கண்டுபிடிப்பது

ஒரு நண்பராவது விஷயம் தெரிந்தவராக இருந்த பிறகே இதற்கு வாருங்கள். தனிமையின் உச்சத்தில் டேட்டிங் செயலியைத் திறப்பவர்கள் முதலில் பேசியவரையே தெய்வம் என்று நம்பிவிடுகிறார்கள்.

முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், போகிற இடத்தை நண்பரிடம் சொல்லிவிட்டு. மாட்டுத்தாவணியில் இறங்கிய உடனே "ரூம் பக்கத்துல இருக்கு, வா" என்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்புங்கள். முகம் தெரியும் அந்தரங்கப் படம் யாருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பது நடக்கிறது.

மாட்டிக்கொண்டால் இரண்டு தவறு செய்வார்கள். பயந்து முதல் தவணை கொடுப்பார்கள். கொடுத்தால் அடுத்த வாரம் திரும்ப வருவான், கொடுக்கக்கூடிய ஆள் என்று காட்டிவிட்டீர்களே. இன்னொன்று, பதறி எல்லா உரையாடலையும் அழித்துவிடுவார்கள். அதுதான் உங்கள் சாட்சி. அழிக்காமல் 1930 சைபர் குற்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே சொல்லிவிட்டது. மிரட்டுவதுதான் குற்றம்.

7. காதல் என்று வரும்போது

ஊரில் கல்யாணத்துக்கு ஒரு தயார் வரைபடம் இருக்கிறது: யார் சமைப்பது, யார் பெயர் முன்னால், பிள்ளை எப்போது. நமக்கு அது கிடையாது. கிடையாது என்பதாலேயே பேச வேண்டியது அதிகம்.

மூன்று நான்கு முறை சந்தித்த பிறகு, மனசு முழுதாகச் சாய்வதற்கு முன்னால் உட்கார்ந்து பேசிவிடுங்கள். யார் யாருக்கு நம்மைப் பற்றித் தெரியும்? உன் வீட்டார் எதிரே வந்தால் நான் யார்? தொடுவதில் எது பிடிக்கும், எது கூடாது? இன்னொருவருக்கு இடம் உண்டா இல்லையா? பணம்? இதில் உடல் பற்றிய கேள்வியைத்தான் கூச்சத்தில் தள்ளிப்போடுவார்கள். உடல் ஆசை இல்லாதவர் அதைச் சொல்லாமல் ஒரு வருடம் ஓட்டினால் எதிராளி தன்னை வெறுப்பதாக நினைத்துக்கொள்வார். முதலிலேயே சொன்னால் விலகுகிறவர் விலகட்டும், இருப்பவர் தெரிந்தே இருப்பார்.

என் துணைக்கும் எனக்கும் இதற்கு ஒரு பெயர் வைக்க முடியவில்லை. கணவன் மனைவி இல்லை, நண்பர்கள் என்றால் குறைவு. 'வீட்ல' என்று சொல்லிக்கொள்கிறோம். "வீட்ல சொல்லிட்டு வர்றேன்", "வீட்ல உடம்பு சரியில்ல" என்று ஊரே சொல்வதுதானே. யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

8. வீட்டில் சொல்வது

உங்கள் கால் தரையில் ஊன்றிய பிறகு, அதாவது வேலை, இரண்டு நண்பர்கள், படுக்க ஒரு இடம் எல்லாம் ஆன பிறகு. "பொண்ணு பார்க்கப் போறோம்", "மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்க" என்ற பேச்சு தொடங்கிவிட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள். ஜாதகம் கைமாறுவதற்கு முன் சொன்னால் அது வீட்டு விவகாரம். தாம்பூலம் மாறிய பிறகு சொன்னால் இரண்டு வீட்டுக் கௌரவ விவகாரம்.

யாரிடம் முதலில்? பெற்றோரில் யாருக்குக் கோபம் சீக்கிரம் இறங்குமோ அவரிடம், தனியாக. அடுத்து மறக்காமல் தாய்மாமன். நம்ம பக்கத்தில் எந்த நல்லது கெட்டதுக்கும் அவர் சொல்லுக்கு ஒரு எடை உண்டு. வெளி ஆள் வாயில் கேட்டால் எதிரியாக நிற்பார், நீங்களே போய்ச் சொன்னால் சில மாமன்கள் குடையாக நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

முறைப்பெண், முறைமாமன் என்று சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தால் அந்த ஆளிடம் தனியாகப் பேசுங்கள். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. உங்களுக்காக அவர் வந்த வரன்களைத் தட்டிக்கொண்டிருக்கலாம். அவருடைய நாட்களும் இதில் மாட்டியிருக்கின்றன.

சொன்னதும் வருகிற மூன்று பதில்கள் எனக்கு மனப்பாடம். "ஊர் என்ன சொல்லும்?" என்றால் வாதாடாமல், "ஊருக்கு இப்பச் சொல்ல வேண்டாம்மா, உனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லுங்கள். பாதிப் பயம் அங்கேயே இறங்கும். "ஒரு கல்யாணம் பண்ணினா எல்லாம் சரியாப் போகும்" என்றால் உறுதியாக 'முடியாது'. இதில் யோசிக்கிறேன் என்ற பதிலே கூடாது, அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

மூன்றாவது, "டாக்டர்கிட்ட காட்டுவோம்." மனம் கனத்திருந்தால் நல்ல ஆலோசகரைப் பார்ப்பதில் தவறில்லை, 14416 என்ற அரசு எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆனால் உங்களை 'மாற்றித் தருகிறேன்' என்று யாராவது மருந்தோ ஷாக்கோ சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி மாற்ற முயல்வது மருத்துவருக்குத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியிருக்கிறது.

அந்த ஆணையத்தை எழுத வைத்தது மதுரைக்காரர்கள் போட்ட வழக்குதான். இங்கிருந்து இரண்டு இளம் பெண்கள் ஒருவரையொருவர் நேசித்துச் சென்னைக்குப் போய்விட்டார்கள். வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் இருவரும் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதில் புரிதல் போதாது என்று சொல்லி, தானே ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். காணவில்லை என்று புகார் வந்து, போனவர்கள் வயது வந்தவர்கள், சொந்த விருப்பத்தில் போனார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் போலீஸ் புகாரை முடிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 2022-ல் காவலர் நடத்தை விதிகளிலும் இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்தார்கள்.

ஆகவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை வந்தால், கிளம்பும் அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: என் வயது இது, என் விருப்பத்தில் போகிறேன், யாரும் கடத்தவில்லை, நகை பணம் எடுக்கவில்லை. தேதி, கையெழுத்து. ஒரு பிரதி வழக்கறிஞரிடம், ஒன்று நண்பரிடம், ஒன்று காவல் நிலையத்துக்கு ஸ்பீடு போஸ்டில். 'நகை எடுக்கவில்லை' என்ற வரியைத்தான் பலர் மறப்பார்கள். கூட்டிப் போனவர் மேல் திருட்டு வழக்கு வந்து விழுவது அந்த ஓட்டை வழியாகத்தான். நிஜமாகவே அம்மா போட்ட சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

9. வாடகை வீடு

"பேச்சிலரா, பேமிலியா?" இங்கும் இரண்டே கட்டம். சித்தி மகள், அத்தை மகன் என்று பொய் சொல்லாதீர்கள். வீட்டு ஓனரம்மா ஊர் கேட்கும், குலசாமி கேட்கும், எந்த ஆளுக என்று சுற்றி வளைத்துக் கேட்கும். பத்தே நிமிடத்தில் பொய் வெளியே வந்துவிடும். "ஒண்ணா வேலை பார்க்குறோம், ஒண்ணா இருக்கோம்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொடுத்து 11 மாத ஒப்பந்தம் போடும்போது இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். ஒருவரை வீட்டார் அழைத்துப்போனால் மற்றவர் தெருவில் நிற்க வேண்டியிருக்காது.

10. காகிதம்

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளும்.

எந்தச் சட்டம் யாருக்கு என்பதில் குழப்பம் நிறைய. திருநங்கையும் 'மணமகள்' தான் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்து, ஒரு தூத்துக்குடித் தம்பதியின் திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்னது. தன்பாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று ஏற்கவில்லை. ஆனால் திருமணம் மட்டுமே குடும்பம் ஆகும் வழி இல்லை, விரும்பித் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்னதை வைத்து வங்கியில் பணம் எடுக்க முடியாது. அதற்குத் தனித்தனிக் காகிதம் வேண்டும்.

கூட்டுக் கணக்கு: யாரும் யாரோடும் தொடங்கலாம். பால்புதுமையர் இணைகளுக்கு இதில் தடை இல்லை, துணையை நாமினியாகவும் போடலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. 'உறவு' என்ற கட்டத்தில் 'நண்பர்' என்று எழுதினாலே போதும். கவுண்டரில் தயங்கினால் மேலாளரைப் பாருங்கள்.

நாமினியும் வாரிசும் ஒன்றல்ல. என் கடைக்கு வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. நாமினி பணத்தை வாங்குபவர், அவ்வளவுதான். சட்டப்படியான வாரிசுகள் பிறகு வந்து கேட்கலாம். துணைக்கே போய்ச் சேர வேண்டும் என்றால் உயில் எழுத வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். இரண்டு சாட்சி அவசியம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். பின்னால் 'போலி' என்று வருபவர்களுக்கு அது பதில். யாருக்கு எழுதுகிறீர்களோ அவரையே சாட்சியாகப் போடாதீர்கள்.

ஆஸ்பத்திரி: மனநலச் சிகிச்சைக்கு உங்கள் சார்பாக யார் பேசலாம் என்பதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். வீட்டார் வலுக்கட்டாயமாகச் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் உள்ளவர்கள் இதை இன்றைக்கே எழுதி வையுங்கள். மற்றச் சிகிச்சைகளுக்கு, அவசரத் தொடர்பு எண் என்ற இடத்தில் துணையின் எண்ணை முதல் முறை போகும்போதே கொடுத்துவிடுங்கள்.

11. விசேஷத்துக்குப் போவதும் மொய் எழுதுவதும்

பத்திரிகை வந்தால் போங்கள். போகாமல் இருந்துவிட்டு உறவு இல்லை என்று வருந்துகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். முதல் தடவை பந்திக்கு மட்டும். அடுத்த தடவை துணையோடு, ஆனால் வாசலில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பைக்கிலேயே பேசிவிட்டு. ஆண்கள் பக்கமா பெண்கள் பக்கமா உட்காருவது என்று திணறாதீர்கள். பந்தியில் இலைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டால் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. வேலை செய்கிற ஆளை இந்த ஊர் துருவாது.

மொய் எழுதும்போது பெயர் கேட்பார்கள். ஒருவர் பெயரில் எழுதினால் திரும்பி வரும்போதும் ஒருவருக்குத்தான் பத்திரிகை வரும். மொய் நோட்டில் இருப்பதைப் பார்த்துத்தானே அடுத்த வீட்டார் அழைப்பு வைக்கிறார்கள். அதனால் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லி எழுத வையுங்கள். இடையில் 'மற்றும்' போடச் சொல்லுங்கள். போன ஆவணியில் மாமா வீட்டு விசேஷத்தில் மொய் எழுதிய பெரியவர் என் பெயரை எழுதிவிட்டு, துணையின் பெயரைச் சொன்னதும் பேனாவை நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரே வீடா, தனித்தனியா?" "ஒரே வீடு." "அப்ப ஒரே வரி" என்று எழுதி, ஆயிரத்து ஒன்று என்று மைக்கில் வாசித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மா பந்தியில் இருந்தது. வாசித்தது காதில் விழுந்திருக்கும்.